இழுக்கா, இழப்பா?

விடியற்காலையில் கட்டுமாவடி மீன் சந்தைக்குள் நுழைந்தால், கூவப்படும் ஏல விலை அடுத்த கடையை எட்டுவதற்கு முன்பே கைப்பேசிகளில் ஏறிவிடுவதைக் காணலாம். இறால் என்ன விலை, நண்டு எத்தனை பெட்டி, ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் எத்தனை படகுகள் கரை திரும்பியிருக்கின்றன என்பதெல்லாம் வாட்ஸ்ஆப் குழுக்களில் நொடியில் பரவுகின்றன. வியாபாரத்துக்கு உதவும் அதே கைப்பேசியில்தான் தொழிலாளியின் முணுமுணுப்பும் பதிவாகிறது. முன்பெல்லாம் தேநீர்க் கடை வாசலில் சொல்லப்பட்டுக் காற்றோடு போன சொல், இப்போது தேதியோடும் நேரத்தோடும் முதலாளியின் கைக்கு வந்து சேர்கிறது.

அப்படி வந்து சேர்ந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, என்னிடம் பொருளியல் படித்த மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கட்டுமாவடியில் மீனும் இறாலும் கொள்முதல் செய்து வெளியூர்களுக்கு அனுப்புவது அவர் தொழில். அவரிடம் 14 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் எடைக் கணக்கு எழுதும் இளைஞர் ஒருவர், சந்தைத் தொழிலாளர்களின் வாட்ஸ்ஆப் குழுவில், 'தடைக்காலம் வந்தால் ஐஸ் கட்டிக்கு இருக்கும் மதிப்புகூட நமக்கு இல்லை. பாதிச் சம்பளத்தையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கிறது' என்று எழுதியிருந்தார். குழுவில் இருந்த யாரோ அதை அப்படியே படமெடுத்து முதலாளிக்கு அனுப்பிவிட்டார்.

'ஊர் சிரிக்கிறது சார். நாளைக்கே அவனை நிறுத்தப் போகிறேன். பின்னால் வழக்கு, வம்பு என்று வராதபடி ஒரு கடிதம் மட்டும் எழுதிக் கொடுங்கள்' என்றார் மாணவர்.

நான் சட்டம் படித்தவன் அல்லன். ஆனால், தொழிலாளர் பொருளியலைப் பல ஆண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில் தீர்ப்புகளைப் படிக்கும் பழக்கம் உண்டு. கடிதம் எழுதுவதற்கு முன்பு, அவருடைய நிறுவனத்தின் முகநூல் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். முந்தைய வாரம் அவருடைய நம்பிக்கைக்குரிய மேற்பார்வையாளர் அதில் ஒரு படம் போட்டிருந்தார். மேசை நிறைய இறால். அருகில் விரித்து வைத்த கணக்கு நோட்டு. படத்தைப் பெரிதாக்கினால், முன்பணம் வாங்கிய மீனவர்களின் பெயர்களும் கைப்பேசி எண்களும் ஒவ்வொருவரின் கடன் நிலுவையும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்துக்கு என் மாணவரும் விருப்பக் குறி இட்டிருந்தார்!

கணக்கு எழுதுபவரின் சொல் முதலாளிக்கு இழுக்காகப் பட்டது. மேற்பார்வையாளரின் படம் பல குடும்பங்களுக்கும், ஒருவேளை அந்த நிறுவனத்துக்குமே இழப்பைத் தரக்கூடியது. முதலாளி கோபப்பட்டதோ முதலாவதன் மீது மட்டும். சமூக ஊடகம் தொடர்பாக நம் நாட்டில் வேலை கொடுப்பவர்கள் செய்யும் பெரும்பாலான தவறுகளுக்கு இந்தக் குழப்பமே வேர் என்பது என் கருத்து. சட்டம் இழுக்கை மிகக் குறைவாகவே பொருட்படுத்துகிறது. இழப்பையே எடை போடுகிறது.

புதுக்கோட்டை மாவட்டம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையின் எல்லைக்கு உள்பட்டது. அந்த நீதிமன்றம் 2023-இல் அளித்த ஒரு தீர்ப்பு, ஏறத்தாழ இதே கேள்வியைப் பற்றியது. தமிழ்நாடு கிராம வங்கியின் ஊழியர் ஒருவர், சக ஊழியர்கள் இருந்த வாட்ஸ்ஆப் குழுவில் மேலதிகாரிகளின் முடிவுகளை விமர்சித்து எழுதினார். வங்கி அவருக்குக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வழங்கியது. அவர் உயர்நீதிமன்றத்தை நாடினார். நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அந்தக் குறிப்பாணையை ரத்து செய்தார்.

அந்தத் தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. ஓர் ஊழியர் தன் வீட்டுக்குள் நண்பரிடம் நிர்வாகத்தைக் குறை கூறினால், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முடியாது. உறுப்பினர்கள் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு மூடிய குழுவுக்குள் அதையே சொன்னால் மட்டும் அது எப்படிக் குற்றமாகும்? மனக்குறையைக் கொட்டித் தீர்ப்பதற்கு ஊழியருக்கு உரிமை உண்டு என்றது நீதிமன்றம். அதே சமயம், அதற்கு எல்லையும் வகுத்தது. குழுவின் செயல்பாடு சட்டவிரோதமானதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நிறுவனத்தின் நற்பெயர் உண்மையிலேயே பாதிக்கப்படும் நிலை வந்தால் நிர்வாகம் தலையிடலாம்.

இதைப் படித்துவிட்டு, ஊழியர் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதே 2023-இல் மும்பை உயர்நீதிமன்றம் வேறொரு வழக்கில் நிர்வாகத்தின் பக்கம் நின்றது. ஊதிய ஒப்பந்தப் பிரச்னை நிலவிய ஒரு மோட்டார் வாகன உதிரிபாக நிறுவனத்தில், தொழிலாளி ஒருவர் தன் முகநூல் பக்கத்தில் நிறுவனத்துக்கு எதிராகத் தூண்டிவிடும் பதிவுகளை இட்டார். அவரைப் பணிநீக்கம் செய்தது செல்லாது என்று தொழிலாளர் நீதிமன்றம் கூறியது. உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. அந்தப் பதிவுகள் வெறுப்பைத் தூண்டும் நோக்கம் கொண்டவை. விபரீதம் நடந்து முடியும்வரை நிர்வாகம் கைகட்டிக் காத்திருக்கத் தேவையில்லை. பேச்சுரிமை நியாயத்தின் எல்லையைத் தாண்ட முடியாது என்பது அதன் முடிவு.

இரு தீர்ப்புகளும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஒன்று மூடிய குழு. மற்றொன்று எவரும் பார்க்கக்கூடிய பக்கம். ஒன்று குறை கூறல், மற்றொன்று தூண்டுதல். எங்கே சொன்னார், யாரிடம் சொன்னார், என்ன சொன்னார், அதனால் என்ன விளைந்தது அல்லது விளைந்திருக்கக்கூடும் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை காணாமல், ஒரு பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் பிழைப்பைப் பறிக்க முடியாது.

கிராம வங்கி ஊழியரைப்போல எல்லாரும் நேராக உயர்நீதிமன்றத்துக்குப் போய்விட முடியுமா என்ற கேள்வி எழலாம். அரசுக்கும் அரசு சார்ந்த அமைப்புகளுக்கும் எதிராகவே பொதுவாக அடிப்படை உரிமைகளைக் காட்டி நீதிப்பேராணை கோர முடியும். அரசு ஊழியராகிவிட்டதாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்சநீதிமன்றம் 1962-லேயே கூறிவிட்டது. திரிபுராவில் மீன்வளத் துறை ஊழியர் ஒருவர், ஓய்வு பெறுவதற்குச் சில நாள்களே இருந்தபோது பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசியல் கூட்டம் ஒன்றுக்குச் சென்றதும் முகநூலில் எழுதியதும் அவர் மீதான குற்றச்சாட்டுகள். அந்த நடவடிக்கையை 2020 ஜனவரியில் திரிபுரா உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நடத்தை விதிகளின் வரம்புக்கு உள்பட்டு, அரசு ஊழியருக்கும் தன் கருத்தை வெளியிடும் உரிமை உண்டு என்றார் தலைமை நீதிபதி அகில் குரேஷி.

தனியார் நிறுவனத்தில் நிலைமை வேறு. அங்கே தொழிலாளியைக் காப்பது அரசமைப்புச் சட்டத்தைவிடத் தொழிலாளர் சட்டமே. ஆனால், 'என் கடை, என் விருப்பம்' என்பதற்கு அங்கேயும் இடமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆவது பிரிவு, அச்சட்டம் பொருந்தும் இடங்களில், தொடர்ந்து ஆறு மாதம் பணிபுரிந்த ஒருவரை நியாயமான காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இன்றியும் நீக்கக் கூடாது என்கிறது. ஒழுங்கீனம் என்று சொல்லி உடனே அனுப்ப வேண்டுமானால், அதற்கென விசாரணை நடத்தி, போதிய சாட்சியத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். நீக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எது ஒழுங்கீனம் என்பதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கிளாக்ஸோ நிறுவன வழக்கில் உச்சநீதிமன்றம் 1983-இல் இதை வலியுறுத்தியது. நிலையாணைகளில் பட்டியலிடப்படாத ஒரு செயலை, அது நடந்து முடிந்த பிறகு ஒழுங்கீனம் என்று அழைத்துத் தண்டிக்க முடியாது. பணியிடத்துக்கு வெளியே நடந்ததைப் பணியிட ஒழுங்கீனமாக்க நிர்வாகத்துக்குத் தடையற்ற அதிகாரமும் இல்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். முகநூல் பிறப்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முந்தைய தீர்ப்பு இது; ஆனால், இரவு பத்து மணிக்கு வீட்டிலிருந்து இடப்படும் பதிவுக்கு இதைவிடப் பொருத்தமான கோட்பாடு வேறில்லை.

நிலையாணைகள் பெரிய ஆலைகளுக்கு உரியவை. 1946-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள நிறுவனங்களை மனதில் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 300 ஆக்கியது. கட்டுமாவடியில் 14 பேரை வைத்து நடக்கும் கடைக்கு நிலையாணை ஏது? எழுதப்பட்ட விதியே இல்லாத இடத்தில் முதலாளியின் கோபமே விதியாகிவிடுகிறது. விதி இல்லாதது தனக்கு வசதி என்று முதலாளி நினைக்கிறார். ஆனால் வழக்கு என்று வரும்போது, 'இதைச் செய்யக் கூடாது என்று எப்போது, எங்கே சொன்னீர்கள்?' என்ற முதல் கேள்விக்கே அவரிடம் பதில் இருக்காது.

சரி, மேற்பார்வையாளரின் படத்துக்கு வருவோம். 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்சநீதிமன்ற அமர்வு தனியுரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தது. அதன் தொடர்ச்சியாக வந்த 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் வகையில் கால அவகாசம் தரப்பட்டிருக்கிறது. காகிதத்தில் இருக்கும் விவரமும் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றப்பட்டால் இச்சட்டத்துக்குள் வந்துவிடும். தரவைக் காக்கத் தவறினால் ரூ. 250 கோடி வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஒரு மீன் கடைக்கு அவ்வளவு பெரிய அபராதம் விதிக்கப்படும் என்பதல்ல என் வாதம். ஒரு மீனவரின் கடன் நிலுவையை ஊருக்குக் காட்டுவது வெறும் கவனக்குறைவு அல்ல, சட்டக் கடமையை மீறும் செயல் என்ற இடத்துக்கு நாடு வந்துவிட்டது. அந்தக் கடமை படம் போட்ட ஊழியருடையது அல்ல, நோட்டின் உரிமையாளருடையது.

இச்சட்டம் வேலை கொடுப்பவருக்கும் ஒரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பணி தொடர்பான தேவைகளுக்காகவும், தொழில் ரகசியம் கசிவது போன்ற இழப்புகளிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளவும் ஊழியரின் தரவைத் தனிச் சம்மதமின்றிப் பயன்படுத்த 7-ஆவது பிரிவு இடமளிக்கிறது. கவனிக்க வேண்டும்: இங்கேயும் சட்டம் சொல்வது இழப்பைத்தான். இதை வைத்துக்கொண்டு ஊழியரின் சொந்தக் கைப்பேசியைப் பிடுங்கிப் பார்ப்பதும், கடவுச்சொல்லைக் கேட்பதும், வேறொருவர் பெயரில் குழுவுக்குள் நுழைந்து வேவு பார்ப்பதும் நியாயமாகிவிடா. ருமேனியாவில் ஒரு நிறுவனம், தன் ஊழியர் அலுவலகக் கணினியில் குடும்பத்தாருக்கு அனுப்பிய செய்திகளைப் படித்து அவரை வேலைநீக்கம் செய்தது. 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் பேரமர்வு அந்த ஊழியரின் பக்கமே தீர்ப்பளித்தது. தன் செய்திகள் கண்காணிக்கப்படும், எந்த அளவுக்குக் கண்காணிக்கப்படும் என்பது ஊழியருக்கு முன்னதாகத் தெரிவிக்கப்பட்டதா என்பதே அங்கே முக்கியக் கேள்வியாக இருந்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால், அந்தக் கேள்வி எந்த ஊருக்கும் பொருந்தும்.

வேலை கொடுப்பவர்கள் அலட்சியம் காட்டும் மற்றொரு முக்கியமான இடம் பணியிடக் குழுக்கள். அலுவல் செய்திக்காகத் தொடங்கப்பட்ட குழுவில் ஆபாசப் படமோ, பெண் ஊழியரை இழிவுபடுத்தும் பாலியல் பேச்சோ வந்தால், அது வெறும் வேடிக்கை அல்ல. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், ஆபாசத்தைக் காட்டுவதையும் பாலியல் சாயல் கொண்ட பேச்சையும் துன்புறுத்தல் என்றே வரையறுக்கிறது. 10 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடத்தில் உள்புகார்க் குழு அமைப்பது கட்டாயம். அதற்கும் குறைவான ஊழியர்கள் உள்ள இடங்களில் இருப்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். குழுவின் நிர்வாகி என்பதற்காகவே, உறுப்பினரின் பதிவுக்கு ஒருவரைக் குற்றவாளியாக்க முடியாது என்று மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி அமர்வு 2021-லும், கேரள உயர்நீதிமன்றம் 2022-லும் கூறியுள்ளன. ஆனால், அந்த நிர்வாகியே முதலாளியாகவும் இருந்து, புகார் வந்த பிறகும் பேசாமல் இருந்தால், அவர் கடமை தவறியவர் ஆகிறார்.

தொழிலாளர்களும் ஒன்றை உணர வேண்டும். பொய்யான குற்றச்சாட்டை ஒருவர் பெயரோடு பொதுவெளியில் எழுதினால், அவதூறுக்காக பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவின் கீழ் வழக்கு வரலாம். 'நான் எழுதவில்லை, பகிர மட்டுமே செய்தேன்' என்ற வாதத்தை சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் ஒரு வழக்கில் ஏற்க மறுத்தது. நிறுவனத்தின் கொள்முதல் விலைப் பட்டியலையோ வாடிக்கையாளர் விவரத்தையோ வெளியிடுவது கருத்துரிமையில் சேராது. சம்பளம் வரவில்லை என்று சொல்வது வேறு. சரக்கில் ரசாயனம் கலக்கிறார்கள் என்று ஆதாரமின்றி எழுதுவது வேறு.

அப்படியானால், ஒரு சிறு நிறுவனம் என்ன செய்யலாம்? ஒரு பக்கத்தில் எளிய தமிழில் விதி எழுதினால் போதும். எந்தத் தகவல் வெளியே போகக் கூடாது, நிறுவனத்தின் பெயரில் யார் பதிவிடலாம், அந்தக் கணக்குகளின் கடவுச்சொல் யார் பொறுப்பில் இருக்கும், குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், விதியை மீறினால் எப்படி விசாரிக்கப்படும் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். அதை ஊழியர்களிடம் வாசித்துக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். மீறல் நடந்தால் விளக்கம் கேட்க வேண்டும். பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும். யாரோ அனுப்பிய படத்தை மட்டும் நம்பாமல், அது உண்மையானதா, முன்னும் பின்னும் என்ன பேசப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்ட வேண்டுமானால் உரிய சான்றிதழ் வேண்டும் என்பதை உச்சநீதிமன்றம் 2020-இல் உறுதி செய்தது; 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமும் தனது 63-ஆவது பிரிவில் அதையே கேட்கிறது. உள்விசாரணைக்கு அவ்வளவு கடுமை இல்லை. ஆனால் நியாயம் வேண்டும்.

சட்டத்துக்கு அப்பால், பொருளியல் சொல்லும் பாடம் ஒன்றும் இருக்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற நூலில், ஒரு நிறுவனம் சீர்கெடும்போது அதைச் சார்ந்தவர்கள் முன் இரு வழிகள் இருப்பதாகக் கூறினார். ஒன்று வெளியேறுவது, மற்றொன்று குரல் எழுப்புவது. குரலை அடைத்துவிட்டால் மிஞ்சுவது வெளியேற்றம் மட்டுமே. எடையும் தரமும் அறிந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த கடைக்குப் போய்விட்டால், ஏன் போனார் என்பதுகூட முதலாளிக்குத் தெரியாது. முணுமுணுப்பவர் இன்னும் நம்மோடு இருக்க விரும்புகிறவர். இடித்துரைப்பாரைத் துணையாகக் கொள்ளச் சொன்ன வள்ளுவர் அரசர்களுக்கு மட்டும் அதைச் சொல்லவில்லை.

என் மாணவருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுக்கவில்லை. முகநூலில் இருந்த அந்தப் படம் என் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே நீக்கப்பட்டது. அதில் பெயர் தெரிந்த மீனவர்களிடம் அவரே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்றேன்; தயங்கினார், பிறகு போனார். கணக்கு எழுதும் இளைஞர் வேலையில் தொடர்கிறார். ஒரு பக்க விதியும் எழுதியாயிற்று.

அதைக் கடையில் வாசித்துக் காட்டியபோது நடந்ததைப் பின்னர் தொலைபேசியில் சொன்னார். எல்லாரும் கையொப்பமிட்டு முடித்த பிறகு, அந்த இளைஞர் மட்டும் தாளைக் கையில் வைத்துக்கொண்டே, 'இதில் நாங்கள் செய்ய வேண்டியதெல்லாம் இருக்கிறது, அண்ணே. தடைக்காலத்தில் சம்பளம் எந்தத் தேதி என்பது மட்டும் இல்லையே?' என்று கேட்டாராம். இந்தக் கேள்வியை வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும். முகத்துக்கு நேரே கேட்டபோது பதில் வரவில்லை என்றார் மாணவர்.

மீன்பிடித் தடைக்காலம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15-இல் தொடங்கி 61 நாள்கள் நீடிக்கும். அடுத்த தடைக்காலத்துக்குள் அந்தத் தேதியை எழுதிவிடுவதாக அவர் எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

கட்டுரையாளர்: ஓய்வு பெற்ற பொருளியல் பேராசிரியர்.